ஏழு பேர் உட்காரும் வண்டி

குணாளனின் பழைய வேன் திரிங்காப் ஏற்றத்தில் நின்றுபோனது. இனி இது ஓடாது என்று பட்டறைக்காரர் கையை விரித்த அன்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயமே திரண்டு வந்து துக்கம் விசாரித்தது. காளியம்மா அக்கா தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். "நல்ல வண்டிப்பா, எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போயிருக்கு" என்று கந்தசாமி மாமா பெருமூச்சு விட்டார். குணாளனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நின்றான். அவனுக்கு உள்ளே இருந்தது துக்கமில்லை என்பது அவன் மனைவி சரோஜாவுக்கு மட்டும் தெரியும்.

குணாளன் அந்த மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டுகிறவன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு லாரியில் ஏறினான், இன்னும் இறங்கவில்லை. லாரி போக மிச்சமிருந்த நேரமெல்லாம் வேனுக்குப் போயிற்று. லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று இறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் வாங்கிய 'காடி' என்கிற கார்களும் அவர்களோடு அங்கேதான் இருக்கின்றன. பாதி வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள். மிஞ்சிய தமிழ்க் குடும்பங்களுக்குத் தானா ராத்தா ஆஸ்பத்திரி என்றாலும், ஈப்போவில் சாவு வீடு என்றாலும், கோயில் திருவிழா என்றாலும் குணாளன்தான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தியதில்லை. "தம்பி, ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கே?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்ல அவனுக்கு வாய் வந்ததே இல்லை.

ஈப்போவில் மகள் உமாதேவிக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்ததோடு சரி. ஒவ்வொரு ஞாயிறும் வேறு யாருடைய காரியத்துக்காகவோ போய்விட்டது. பேத்தி தவழ்வதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, துணி மடித்துக்கொண்டே சரோஜா சொன்னாள்:

"இனிமே சின்னக் காடியா ஒன்னு எடுப்போம். முன்னாடி நாம ரெண்டு பேரு. பின்னாடி பிள்ளைக்கு வேண்டிய சாமான். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்றான் குணாளனும். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போன விஷயம் வேறு கிடையாது.

அடுத்த வாரமே தம்பி தர்மா வந்து நின்றான். பக்கத்து வீடுதான் அவனுக்கு. திரிங்காப்பில் பூத்தோட்ட வேலை.

"அண்ணே, கம்போங் ராஜாவுல சாப்பாட்டுக் கடை ஈசா பாய் தன்னோட வேனை விலைக்குக் கொடுக்கப் போறாராம். ஏழு சீட்டு, ஆட்டோ கியர்."

"எனக்கு வேன் வேணாம்டா."

"உங்களை யாரு வாங்கச் சொன்னா? சும்மா வந்து பாத்துச் சொல்லுங்க லா. எங்க அண்ணன் ஒரு வண்டியைத் தொட்டுப் பாத்து நல்லதுன்னு சொல்லிட்டா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு அந்தக் கடையில அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டேன். இப்ப நீங்க வரலைன்னா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது?"

குணாளனுக்கு இந்த இடத்தில்தான் பலவீனம். சுற்றுவட்டத் தோட்டங்களில் யார் வண்டி வாங்கினாலும் அவனிடம் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள். தம்பி ஊருக்கு முன்னால் அண்ணனைத் தூக்கி வைத்துப் பேசுவதைக் கேட்க அவனுக்குப் பிடிக்கும். போய்ப் பார்ப்போம், பழைய வண்டியில் குறை இல்லாமலா போகும், அதைச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம் என்று நினைத்தான். சரோஜாவும் கூடக் கிளம்பினாள். "நீங்க தனியாப் போனா வேனோடதான் வருவீங்க" என்றாள்.

வேன் கடைக்குப் பின்புறம் நின்றது. காலையில் எஞ்சினைத் தட்ட வேண்டாம் என்று குணாளன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். மலைக்குளிரில் முதல் தட்டுக்கு எஞ்சின் எப்படி எழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பானட்டில் கை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது, ஈசா பாய் ஏமாற்றவில்லை. எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கம் வெள்ளை நுரை படிந்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. பள்ளத்தாக்கு ஊரான லெம்பா பெர்த்தாமில் சேற்று வெள்ளம் வந்த பிறகு, முங்கி எழுந்த வண்டிகளைத் துடைத்துப் பளபளவென்று விற்றவர்கள் உண்டு என்று அவனுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அதனால் ஏழு சீட்டுப் பெல்ட்டையும் கடைசி வரை உருவி, அடியில் மண்கறை தேடினான். சீட்டு நகரும் தண்டவாளத்துக்குள் விரலை விட்டு முகர்ந்தான்.

"குணா, நீ காடி பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார் ஈசா பாய்.

"பொண்ணு பாக்கப் போனப்போ இவ்வளவு நேரம் எடுத்துக்கல பாய்" என்றான் தர்மா. "அண்ணியைக் கேளுங்க."

"எடுத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள் சரோஜா.

குணாளன் எதையும் காதில் வாங்கவில்லை. கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்து பார்த்தான். சாதாரணமாக இந்த மாதிரி வண்டிகளில் கடைசி சீட்டு பேருக்குத்தான் இருக்கும். முழங்கால் நெஞ்சில் இடிக்கும். இதில் கால் நீட்ட இடம் இருந்தது. தலைக்கு மேல் காற்று வரும் துவாரம். பக்கக் கதவு ஒரு விரலுக்கு வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சின் முதல் தட்டிலேயே எழுந்து, இருமாமல் நின்றது. கண்ணாடியில் படிந்திருந்த பனிமூட்டம், ஈசா பாய் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் விலகிவிட்டது. வெறும் வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தான். முனகலே இல்லை.

"ஏன் பாய் கொடுக்கிறீங்க?" என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டான்.

"பிள்ளைங்க எல்லாம் போயிட்டாங்க. நானும் மஜீதாவும்தான். ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி? வண்டி பெருசா இருந்தா கடைப் பையனுங்க, பக்கத்து வீடு, சொந்தக்காரன் எல்லாம் ஏறிக்கிறான். சின்னதா ஒன்னு எடுத்துட்டேன், நிம்மதி."

சரோஜா குணாளனைப் பார்த்தாள். குணாளன் டயரைப் பார்த்தான்.

அப்போதாவது விட்டிருக்கலாம். ஆனால் குறை கிடைக்கவில்லை, கிடைக்காத குறையைச் சொல்லவும் அவனுக்கு வராது. அதனால் உண்மையான ஒன்றைச் சொன்னான்: "காலி வண்டி எந்த ஏத்தமும் ஏறும் பாய். ஆள் ஏத்திப் பாக்காம ஒன்னும் சொல்ல முடியாது."

"அரிசி மூட்டை தரட்டுமா?"

"அரிசி மூட்டைக்கு முழங்கால் வலிக்காது. வளைவுல வாந்தி வராது. ஆளுதான் வேணும்."

தர்மா அதற்குள் கைப்பேசியில் லயத்தைக் கூப்பிட்டுவிட்டான். "சாயந்திரத்துக்குள்ள கொண்டாந்து விடு" என்று ஈசா பாய் சாவியைக் கொடுத்தார்.

லயத்து முனையில் வண்டி திரும்பியபோதே ஆட்கள் தெருவில் தயாராக நின்றார்கள். கந்தசாமி மாமா சலவை வேட்டியில் நின்றார். காளியம்மா அக்கா தலையில் பூ வைத்து, கையில் ஒரு கூடையோடு நின்றார். தர்மாவின் மனைவி செல்லமும் மூத்த மகளும் புதுத்துணியில் இருந்தார்கள். சோதனை ஓட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி யாருமே இல்லை.

திரிங்காப் வரை இறங்கி, அங்கே காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, திரும்பி ஏறினார்கள். செங்குத்தான இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி எடுத்தான். ஒரு சாண் கூடப் பின்னால் நழுவவில்லை. இறக்கத்தில் பிரேக் கருகும் வாசம் வருகிறதா என்று சன்னலை இறக்கி முகர்ந்தான். தேயிலை வாசம்தான் வந்தது.

"யாருக்காவது குமட்டுதா?" என்று கேட்டான்.

"எனக்கா? தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு" என்றார் கந்தசாமி மாமா. "இந்த நடு சீட்டு எனக்கு இருக்கட்டும்ப்பா. சீக்கு உடம்பு."

"தைப்பூசத்துக்கு ஈப்போவுக்கு இதுலயே போயிடலாம் தம்பி" என்றார் காளியம்மா.

"மாசத்துக்கு ஒருக்கா எனக்குக் கண் ஆஸ்பத்திரி இருக்கு மாமா, ஞாபகம் வெச்சுக்குங்க" என்றாள் செல்லம் குணாளனிடம்.

ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழன்று விழுந்தது. முன்சீட்டில் சரோஜா கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து நுழைவில், பாதை வளையும் இடத்தில் முனீஸ்வரர் கோயில். எந்த வண்டியாக இருந்தாலும் அங்கே ஒரு நிமிடம் நின்றுதான் போகும். குணாளனின் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது. கைகூப்பிக் கண்ணை மூடினான். திறந்தபோது பக்கக் கதவு திறந்திருந்தது. காளியம்மா அக்கா முன்டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கூடையிலிருந்து எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நான்கு சக்கரத்துக்கும் போயின. பானட்டில் சந்தனம், அதன்மேல் குங்குமம். தர்மா கற்பூரத்தைக் கொளுத்திவிட்டான்.

"அக்கா! என்ன பண்றீங்க? இது ஈசா பாய் காடி!"

"யாரு காடியா இருந்தா என்ன தம்பி, நீதானே எடுக்கப் போற. நல்ல நேரம் முடியப் போவுது. எடு."

வண்டியில் இருந்தவர்களெல்லாம் இறங்கிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். குணாளன் முன்னால் பார்த்தான். பழத்தை நசுக்காமல் போக முடியாது. பின்னால் கும்பிட்ட கையோடு ஆட்கள், நகர இடமில்லை. சாமிக்கு முன்னால் வைத்த பழத்தைக் கையால் எடுத்து அப்புறம் போடுகிறவன் அந்தத் தோட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை.

"எலுமிச்சம்பழத்துக்காக வண்டி வாங்கிடாதீங்க" என்றாள் சரோஜா, உதடு அசையாமல்.

"இப்ப எடுக்காம எப்படிப் போறது?"

"எடுங்க. எடுக்கிறது வேற, வாங்குறது வேற."

பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். நான்கு பழமும் ஒரே சமயத்தில் நசுங்கின. வெளியே கைதட்டினார்கள்.

ஈசா பாய் தன் வேன் பொட்டும் சந்தனமுமாக வருவதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தர்மா பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து வந்தார்கள்.

ஈசா பாய் குணாளனைத் தனியாக இழுத்துப் போய் மெதுவாகச் சொன்னார்: "உன் முகமே சொல்லுது குணா. வேணாம்னா சொல்லிடு, நான் ஒன்னும் நினைக்க மாட்டேன். பையனை விட்டுக் கழுவிடுறேன், வேற ஆளு பாத்துக்கலாம்."

வழி திறந்துதான் இருந்தது. குணாளன் சரோஜாவைப் பார்த்தான். அவள் கண் 'சொல்லுங்க' என்றது. அவன் வாயைத் திறப்பதற்குள் தர்மா கூட்டத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டான்: "அண்ணே, இப்ப எல்லாருக்கும் சொல்லுங்க. வண்டி எப்படி?"

ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று ஒரு பொய் போதும். பின்சீட்டு இடிக்கிறது என்றால்கூடப் போதும். குணாளன் தம்பியின் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷம் எந்த வண்டியைப் பற்றியும் அவன் பொய் சொன்னதில்லை.

"நல்ல வண்டி" என்றான். "ஒரு குறையும் இல்லை. கொடுக்கிற விலைக்குக் கூடவே இருக்கு."

சொன்ன பிறகு வேண்டாம் என்று திரும்ப வழியில்லை, அங்கேயே விலை பேசி முடித்தான். சரோஜா வேனில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் அவனிடம் பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் சொன்னாள்: "வேனை நம்ம பேருக்கு மாத்தின மறு ஞாயித்துக்கிழமை ஈப்போ. நீங்களும் நானும். உமாகிட்டச் சொல்லிட்டேன்."

அந்த ஞாயிறு மலை முழுக்க மூடுபனி. லயம் எழுவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும் என்று இருவரும் கோழிக்களவாணிகள் போல நடந்து வந்தார்கள். சரோஜா குழந்தைக்கு வாங்கிய துணிப்பைகளை நடுச்சீட்டு முழுவதும் பரப்பி வைத்தாள். குணாளன் ஏறி, எல்லாக் கதவையும் பூட்டினான். எஞ்சின் சத்தம் கேட்டதும் ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. கந்தசாமி மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார். பின்னால் காளியம்மா அக்கா பூவோடு. அதற்கும் பின்னால் செல்லம், இடுப்பில் கடைக்குட்டி.

குணாளன் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினான். வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்னான்: "மாமா, இன்னிக்கு நாங்க ரெண்டு பேருதான் போறோம்."

"தெரியும்ப்பா" என்றார் கந்தசாமி மாமா சந்தோஷமாக. "அஞ்சு சீட்டு காலியாத்தானே இருக்கு. உமா பிள்ளையை நாங்களும் இன்னும் பாக்கலையே?"

பூட்டுப் பொத்தான்மேல் குணாளனின் விரல் இருந்தது. அதை அழுத்தாமலும் எடுக்காமலும் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு வெளியே முகங்கள் குளிரில் சிரித்துக்கொண்டு நின்றன. காளியம்மா அக்கா ஒரு சின்ன வெள்ளி அரைஞாண் டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

சரோஜா திரும்பிப் பார்த்தாள். பிறகு எட்டி, நடுச்சீட்டிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தன் மடியில் அடுக்க ஆரம்பித்தாள்.