மழை பெய்த காலையின் கேசட்

எங்கள் ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள் என்று தெரிந்ததும் இளைஞர் மன்றத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு லயம் அவரவருக்கு வேண்டிய சத்தத்தைக் கேசட்டில் பிடித்துக் கொடுப்பது. பிரியப் போகும் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லாவற்றையும் போட்டுக் கேட்பது. மற்றவர்கள் உறுமியையும் பால் லாரியையும் பிடித்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணிப் பிரிக்க, எல்லோரையும் கூப்பிட விடிகாலையில் தட்டும் தண்டவாளத் துண்டின் சத்தம். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த என் அப்பா இருபது வருஷம் தட்டியது. அவர் போன பிறகு எங்களிடம் அவர் குரல்கூட இல்லை, அந்தச் சத்தம்தான் இருந்தது.

எனக்குச் சிரம்பானில் கடை வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி வந்து தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போகப் போகிறது என்று கேள்விப்பட்டு, பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் என் கேசட் ரேடியோவைக் கொடுத்திருந்தேன். "காலையில சிவப்புப் பட்டனை அமுக்குங்கக்கா, போதும்" என்று பத்துத் தடவை சொன்னேன்.

ஞாயிறு வந்து போட்டுப் பார்த்தால் மழை. தகரக் கூரையில் அரைமணி நேரம் வெறும் மழை. நடுவில் யாரோ இருமினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மழைன்னா பெரட்டு இல்லைலா, தெரியாதா?" என்றார் அக்கா.

"லாரி வர்றதுக்குள்ள நீங்களே ஒரு தட்டு தட்டியிருக்கலாமே!"

"நான் தட்டினா அது உங்கப்பா சத்தமா?"

மண்டபத்தில் போடவே வேண்டாம் என்றேன். அவர் காதில் வாங்காமல், தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மழைச் சத்தம் ஆரம்பித்ததும் எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண், "தட்டல... இன்னும் தட்டல" என்றாள். ஒருவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "இன்னைக்குப் பெரட்டு இல்ல, எல்லாம் படுங்க!" என்று யாரோ கத்த, அப்புறம்தான் மண்டபமே சிரித்தது. மழை நாளில் சம்பளம் இல்லைதான். ஆனால் அன்றைக்குத்தான் எல்லோரும் பிள்ளைகளுக்குத் தலை வாரி, சூடாகத் தோசை சுட்டு, அவரவர் வீட்டில் இருப்பார்கள்.

அக்கா என் பக்கம் குனிந்தார். "உங்கப்பா குடை பிடிச்சுக்கிட்டு தண்டவாளத்துக்கிட்ட நிப்பாரு. மழை விடலன்னா சுத்தியலைக் கீழ வச்சிட்டுப் போயிடுவாரு. நாங்க எல்லாம் படுத்துக்கிட்டே காதைத் தீட்டிக்கிட்டு அதுக்குத்தான் காத்திருப்போம்."

அந்த அக்காவுக்கு இருந்த காது எனக்கு இல்லை. அப்பா தட்டியதை மட்டும்தான் நான் அத்தனை வருஷமும் கேட்டிருந்தேன். தட்டாமல் விட்டதை அன்றுதான் கேட்டேன். கேசட்டை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன்.