தரையில் வைக்காத பெட்டி

இது நடந்தது. நள்ளிரவில் அல்ல, சித்திரை வெயில் காய்ந்த பகலில், முடிச்சூரில், பூட்டிய வீட்டுக்குள் நடந்தது.

ஃபாயிசாவும் கணவன் அய்மானும் அந்தக் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தபோது, கணினியை எங்கே வைப்பது என்பதே பெரும் பேச்சாக இருந்தது. ஜன்னலோரம் சாரல் அடிக்கும். சமையலறைப் பக்கம் எண்ணெய்ப் புகை. மேற்குச் சுவரோரம் தொழுகைக்கு வேண்டும். பிளக் பாயிண்ட் இருந்த மூலை மட்டுமே மிஞ்சியது. மேசை சிறியது, மானிட்டரை அதன்மேல் வைத்து, சி.பி.யு.வைத் தரையில் வைத்தான் அய்மான்.

ஃபாயிசாவுக்கு மனம் ஒப்பவில்லை. பதினோரு மாதமே வாழ்ந்த மகள் மெஹ்ரீனின் சிரிப்பு இப்போது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

"தரையில வேணாம்ங்க. எறும்பு பூந்துடும்."

"பூந்தா அதுவும் கம்ப்யூட்டர் கத்துக்கட்டும், விடு."

மறுநாள் மாலை 4.10. வேலையிலிருந்து இருவரும் திரும்பிப் பூட்டைத் திறந்தார்கள். பெட்டி மேசைமேல் இருந்தது. ஒயர்கள் அழகாகச் சுருட்டப்பட்டிருந்தன. நீதானே, நீங்கள்தானே என்று ஒருவரையொருவர் கேலி செய்து, மறுபடி தரையில் வைத்தார்கள்.

அடுத்த நாள், 4.12. பெட்டி பீரோமேல் இருந்தது.

யாரும் கேலி செய்யவில்லை. அய்மான் அதை இறக்கித் தரையில் வைத்தான்.

மூன்றாம் நாள் ஃபாயிசா விடுப்பு எடுத்தாள். சமையலறையில் இருந்தாள். மணி 3.50.

சளக்... சளக்...

முழங்கால் தண்ணீரில் யாரோ நடக்கும் ஓசை.

ஓடி வந்தாள். தரை காய்ந்திருந்தது.

பெட்டி பரண்மேல்.

அதன்கீழே, சுவரில், ஈரமான இரண்டு சின்ன உள்ளங்கைத் தடங்கள்...

விரல்கள் மேல்நோக்கி.

அய்மான் வந்து சேர்ந்ததும், மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா கனகவல்லியை அழைத்தார்கள். சுவரைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குடி வைக்கும்போது மறைத்ததை அப்போதுதான் சொன்னார். பெருவெள்ளத்தின்போது அந்த வீட்டில் ஏஞ்சல் என்றொரு சின்னப் பெண் இருந்தாள். தண்ணீர் ஏற ஏற எல்லோரும் மாடிக்குப் போனார்கள், அவளும் போனாள்.

"செத்துப்போன அவங்கம்மா போட்டோவெல்லாம் கம்ப்யூட்டர்லதான் கீதுன்னு திரும்ப எறங்கிச்சும்மா. தண்ணி வடிஞ்சு பாத்தா, பெட்டி பரண்மேல நனையாம இருந்துச்சு..."

அய்மான் பெட்டியை இறக்க முக்காலியை இழுத்தான். ஃபாயிசா அவன் கையைப் பிடித்தாள்.

"வேணாம்ங்க. அங்கேயே இருக்கட்டும்."

கனகவல்லி வாசல்வரை போய் நின்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தப் பொண்ணு கை ரெண்டும் மேல தூக்கினபடியே இருந்துச்சு. எவ்ளோ பாத்தும் மடக்க முடியல... அப்படியேதான் அடக்கம் பண்ணாங்க."