நான் திட்டாமல் இருந்த நாட்கள்

எனக்கு உட்கார்ந்து காத்திருக்கத் தெரியாது. ரயில் வருவதற்குள் பிளாட்பாரத்தை நாலு தரம் அளந்துவிடுவேன். அன்று காலை ஊரிகம் ஸ்டேஷனில் நான் நடந்த நடையைப் பார்த்து டீக்கடைக்காரர், "இன்னாம்மா, எதனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். ஆமாம், ஒரு ஆளைத் தொலைத்திருந்தேன்.

கோலார் தங்கவயலில் பாதிப் பேரைப் போல நானும் இருட்டோடு ரயிலேறி பெங்களூர்ப் பக்கம் போய்ப் பிழைக்கிறவள். ஒயிட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடோன். வரும் சாமான்களைப் பிரித்து, பெட்டி கட்டி, லேபிள் ஒட்டி அனுப்புவது எங்கள் வேலை. போன வருஷம் என்னை டீம் லீடர் ஆக்கினார்கள். நான் தேடிய ஆள் என் டீமில் பெட்டி கட்டுகிறவர். என்னைவிட மூத்தவர், ஐம்பதை நெருங்குகிறவர். சுரங்கக்காரர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுக்குப் பின் வரிசையில் அவர் வீடு. பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஒரு வாரமாக அண்ணன் வேலைக்கு வரவில்லை. ஜுரம் என்று போனில் ஒரு வரி அனுப்பியிருந்தார், அவ்வளவுதான், கூப்பிட்டால் எடுக்கவில்லை. நாளைக் காலையும் வரவில்லையென்றால் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவேன், வேறு ஆள் ரெடி என்று மேனேஜர் முந்தின நாள் சொல்லிவிட்டார். அந்த வயதில் வேலை போனால் இன்னொருவன் சேர்ப்பானா? இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் லைனில் யாராவது படுத்துவிட்டால் பிரெட்டும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய் வாசலில் நின்றுவிடுவோம். முந்தின நாள் வேலை முடிந்து வந்ததும் நானும் அப்படித்தான் போனேன். கதவைத் திறந்த அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"அண்ணன்..." என்று இழுத்தேன்.

"உங்க அண்ணன் இன்னும் வரல. ஓவர்டைம்னு சொன்னாரே. உன் கூடதான வேல செய்யறாரு, உனக்குத் தெரியாதா?"

தூக்கிவாரிப் போட்டது. மனுஷன் தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு அதே ரயிலுக்குக் கிளம்பிப் போகிறார்! என் வாய் தானாகப் பொய் சொன்னது. "ஆமாண்ணி, ஓவர்டைம்தான். பிரெட்டு எனக்கு. எனக்குத்தான் ஜுரம்."

"ஜுரத்த வெச்சிக்கினு ரோட்ல இன்னாடி சுத்தற?" என்று உள்ளே இழுத்து உட்காரவைத்து, ஒரு டம்ளர் மிளகு ரசத்தைக் குடிக்கவைத்த பிறகுதான் விட்டார். நாக்கு எரிய எரிய வீட்டுக்கு நடந்தேன். எங்கேதான் போகிறார்? குடியா? வேறு வேலை பார்த்துவிட்டாரா? எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரா? அதன் பிறகு தூக்கம் எங்கே வரும்.

அதனால்தான் அன்று காலை ஸ்டேஷனில் அந்த நடை. இருட்டில் அவர் கண்ணில் படவில்லை, ரயில் வந்ததும் லேடீஸ் பெட்டிக்குப் போகாமல் கடைசிப் பெட்டியில் ஏறினேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடினேன். சீட்டு ஆடுகிறவர்களின் காலை மிதித்தேன். தூங்குகிறவர்களின் துண்டை விலக்கி முகம் பார்த்தேன். பங்காருப்பேட்டையில் கூட்டம் முட்டித் தள்ளியது. "இன்னாக்கா, டிக்கெட் செக்கரா?" என்று ஒரு இளவட்டம் கிண்டல் பண்ணியது. "ஆமா, எடு பாக்கலாம்" என்றேன். பாவம், நிஜமாகவே பாக்கெட்டைத் தடவினான்.

மாலூரில் ஏறிய பெட்டியில் ஜன்னலோரம் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் டிபன் பை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்து எங்கே போவார், ரயில் கிளம்பிவிட்டது. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

பழைய நானாக இருந்தால் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் சில மாதங்களுக்கு முன்னால் என் வாயைப் பற்றி மேலே யாரோ புகார் கொடுத்து, என்னை ஏ.சி. அறையில் ஒரு வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். கீழே வேலை செய்கிறவர்களின் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக உணர்வது எப்படி என்று ஒரு அம்மாள் சொல்லிக்கொடுத்தார். குரலை ஏற்றாதே. எல்லார் முன்னாலும் தப்பைச் சொல்லாதே. உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது என்று சொல். நல்ல விஷயம்தானே, ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அண்ணன் லேபிளை மாற்றி மாற்றி ஒட்டத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். நான் கத்தவில்லை. பக்கத்தில் போய், பரவாயில்லைங்க, நான் பாத்துக்கறேன் என்று பூ மாதிரி சொல்லிவிட்டு, அவர் நகர்ந்த பிறகு நானே சரி பண்ணினேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

ரயிலிலும் அதே குரலை எடுத்தேன். "உங்க நிலைமை எனக்குப் புரியுதுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவர் முகம் செத்துப்போனது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒயிட்ஃபீல்டு வந்தது. பெட்டியில் பாதி இறங்கியது. அவர் அசையவில்லை. "நீ எறங்கிப் போம்மா. உன் வேலயக் கெடுத்துக்காத" என்றார். என் கையில் போன் அடித்தது, மேனேஜர். இறங்கு, இறங்கு என்று கால் துடித்தது. எழுந்தேன், கதவு வரைக்கும் போனேன், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். ரயில் நகர்ந்தது. ஒயிட்ஃபீல்டை நான் உட்கார்ந்தபடி தாண்டியது அதுதான் முதல் தடவை.

"இன்னா காரியம் பண்ணிட்ட!" என்று பதறிப்போனார்.

"தெரியல. பயமா கீது" என்றேன். அது எந்த வகுப்பிலும் கற்றதில்லை, உள்ளே இருந்தது வந்துவிட்டது.

அதைக் கேட்டதும்தான் அவர் வாய் திறந்தார். "எழுத்து தெரியலம்மா. புது மிஷின்ல லேபிள் பொடிசா வருது. எல்லாம் கலங்கலா கீது. தப்பு பண்ணா நீ வந்து கத்துவ, அப்ப சொல்லிடலாம்னு இருந்தேன். நீ கத்தவே இல்ல."

"அதுக்கு?"

"உன் வாய் நம்ம லைனுக்கே தெரியும். நீ திட்டலன்னா ஆள கை கழுவிட்டன்னு அர்த்தம். போன கம்பெனில சூப்ரவைசர் இப்படித்தான் தேனா பேசினான். பேசி முடிச்சதும் கணக்கத் தீத்து அனுப்பிட்டான். நீ பரவாயில்லைங்கன்னு சொன்னியே, அப்பவே என் கத முடிஞ்சிபோச்சி. உன் வாயால போன்னு சொல்றதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் வரல. சிட்டி ஸ்டேஷன்ல உக்காந்து டிபன் சாப்ட்டு, பொழுது சாஞ்சா ஊட்டுக்குத் திரும்பறேன்."

அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"ஏண்ணா, உனக்கு அறிவு கீதா?" பெட்டியே திரும்பியது. "கண்ணு தெரியலன்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? வாயில இன்னா கொழுக்கட்டையா? உன்னத் தேடி வந்து அண்ணி கையால ரசம் குடிச்சி நாக்கு வெந்துபோய் கீறேன். எங்க போய் விழுந்தியோன்னு நேத்தெல்லாம் நான் சாவறேன், நீ ஸ்டேஷன்ல காத்து வாங்கறியா? ஊரே கண்ணாடி போட்டுக்கினு கீது, உனக்கு மட்டும் அழகு கொறஞ்சிடுமா? பெரிய மாப்பிள்ள!"

பக்கத்தில் இருந்த பெரியவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து அவசரமாக மாட்டிக்கொண்டார். அண்ணன் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் உதடு சிரித்தது. "இப்பத்தான் நீ பேசற" என்றார். எனக்குப் பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் நான் அவரிடம் பேசவே இல்லை.

ஹூடியில் இறங்கினோம். மறுபடியும் போன். புது ஆள் வந்துவிட்டான், நீங்கள் எங்கே என்று மேனேஜர் கேட்டார். "அவர் என்கூடத்தான் இருக்கிறார் சார். கண்ணில்தான் கோளாறு, கையில் இல்லை. கண்ணாடி வரும்வரை லேபிளை நான் படித்துச் சொல்கிறேன். அவர் வேண்டாமென்றால் என் பெயரையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. மேனேஜர், "முதலில் ரெண்டு பேரும் வாங்க" என்று வைத்துவிட்டார். வாங்க என்றால் வேலைக்கா, வெளியே அனுப்பவா? குடோனுக்கு ஆட்டோ பிடித்தோம். ஆட்டோ சிக்னலில் நின்றபோதெல்லாம் தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தேன்.

"எனக்காக ஏம்மா..." என்று ஆரம்பித்தார்.

"வாய மூடிக்கினு வாண்ணா" என்றேன். அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

குடோன் கேட்டில் இருக்கும் மெஷினில் அண்ணன் தன் அடையாள அட்டையை வைத்தார். பச்சை எரிகிறதா என்று அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். எரிந்தது. மேனேஜர், ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். புது ஆளை வேறு மேஜைக்கு அனுப்பினார்.

சாப்பாட்டுக்கு முன் அண்ணன் ஒரு பெட்டியை எடுத்தார். லேபிளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பழையபடி எதையாவது ஒட்டிவிடுவாரோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அவர் ஒட்டவில்லை. இத்தனை பேர் இருக்கிறார்களே என்று பார்க்கவும் இல்லை. குடோன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏம்மா! இது மூணா, எட்டா?" என்று கத்தினார்.

"எட்டு! எட்டுண்ணா!" என்று நானும் கத்தினேன். மேனேஜர் அறைக் கதவு திறந்தது. திறக்கட்டும்.