கருவியின் கண்ணில் சந்தனம்

என் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். நான் இங்கே ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய வயலுக்குக் காவல். காவல் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, காலையில் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய், ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்திவிட்டுச் சாயங்காலம் திரும்புகிற ஆள். பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்றால் குக்கர், ஃபேன், கொல்லையில் எப்போதாவது கூப்பிடும் செம்போத்து. அவ்வளவுதான்.

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவன் நான். போடவே மறந்துபோகிறவனும் நான்தான். ஏதாவது ஒரு வரி மனசில் ஓடிக்கொண்டிருக்கும், கால் அதன்பின்னால் போய்விடும், வயல் தளும்பி வரப்பை அறுத்துக்கொண்டு அடுத்தவர் வயலில் இறங்கிவிடும். டூட்டிக்கு நடுவில் அங்கிருந்து போன் பண்ணிப் பண்ணி அவள் அலுத்துப்போனாள். கடைசியில் தஞ்சாவூரில் யாரையோ விசாரித்து, சென்சார் மாட்டுகிற ஆளை அவளே வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

வந்தவர் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலுக்குள் நட்டார். அதன் தலையில் ஒரு மூடி. மூடியின் உள்பக்கம், கீழே பார்த்தபடி, ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக ஒரு கண். அந்தக் கண் நம் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பும். சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடும். மண்ணுக்குக் கீழே நாலு விரல் இறங்கினால் மோட்டார் தானாக ஓடும். மண்ணுக்கு மேல் இரண்டு விரல் நின்றால் தானாக நிற்கும். இந்த ஏற்ற இறக்கமெல்லாம் ஒரு நீலக்கோடாக என் போனிலும் வரும், அவள் போனிலும் வரும்.

கூப்பிட்டுக் குரல் அனுப்பி, பதில் வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிற கருவி. அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டிய அன்று ராத்திரி அவள் ஒரு பேச்சு பேசினாள். தீபாவளி கழித்து அவள் வேலை ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடுவதா, ஊருக்கே வந்துவிடுவதா என்று இரண்டு மனசு. "ஒரு போகம் பாக்கலாங்க. சென்சாரை நம்பி வயல் தானா ஓடிருச்சுன்னா நான் இன்னும் கொஞ்சம் இங்கயே இருக்கேன். ஓடலன்னா மூட்டையக் கட்டிட்டு வந்துடுறேன், என்ன?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அது சிரிப்பாக இறங்கவில்லை.

அதுமுதல் அந்த நீலக்கோடு ஒழுங்காக ஏறி இறங்குகிற ஒவ்வொரு நாளும் எனக்கு எதிராகப் போன நாள். ஓடாமல் போகட்டும் என்று ஒரு நினைப்பு வரும். சாயங்காலம் வரப்பில் போய் நின்றால் அந்த நினைப்பு வெட்கப்பட்டு ஓடிவிடும். நட்ட பயிர் பச்சை பிடித்து, தூர் கட்ட ஆரம்பித்திருந்தது. அதனிடம் போய் எதைக் கோபித்துக்கொள்வது?

இதில் ஒரு விசித்திரமும் இருந்தது. கோடு கீழே இறங்கும்போதுதான் அவள் போன் வரும். மோட்டார் எடுத்துக்கொண்டதா என்று கேட்பாள். எடுத்துக்கொண்டது என்பேன். அந்தக் கேள்வியின் முதுகில் ஏறிக்கொண்டு மற்ற கேள்விகள் வரும்: சாப்பாடு, முழங்கால் வலி, மாத்திரை, பால்காரி வந்தாளா. கோடு மேலே நிற்கிற நாளில் அவளுக்குக் கேட்க எதுவும் இருக்காது, அங்கே வார்டும் விடாது. இப்படியாக வயலின் தாகம் எனக்குப் பேச்சு நேரமாகிப் போனது. மண் காயக் காய நான் போனைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொள்வேன்.

பக்கத்து வயல்காரம்மாவுக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. வரப்பில் என்னைப் பார்த்தால், அண்ணி அரபிக்கடல் தாண்டித் தண்ணீர் பாய்ச்சுகிறாராமே, அப்படியே எங்கள் வயலுக்கும் ஒரு மடை திறந்துவிடச் சொல்லுங்கள் என்பார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு உழைத்த எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். மண்வெட்டி, அரிவாள், சைக்கிள், மிக்ஸி, மோட்டார், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அவள் வீடியோவில் இருந்தபடியே ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அதுக்கு வைக்கலியா?"

"எதுக்கு?"

"சென்சாருக்குங்க. இந்த வருஷம் நம்ம வீட்டுல ஒழுங்கா வேலை செஞ்சது அது ஒண்ணுதான்."

வயலில் இறங்கி மூடியைக் கழற்றினேன். மூடி மேல் முழுக்கக் கொக்கு எச்சம். அதில் எப்படி வைப்பது என்று கேட்டுப் போனில் காட்டினேன். திருப்பச் சொன்னாள். திருப்பினேன். அந்த வட்டக் கண் ஈரமாக மின்னியது. நெற்றி மாதிரி வட்டமாக எவ்வளவு அழகாக இருக்கிறது, அதிலேயே வையுங்கள் என்றாள். குழைத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, மூடியைப் பத்திரமாகத் திருகிவிட்டு வந்தேன். மூவாயிரம் கிலோமீட்டரோ என்னவோ, அந்தப் பக்கம் அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் போன் வரவில்லை.

நீலக்கோடு மேலேயே நின்றது. காலையில் பஸ்ஸில் பார்ப்பேன், வயல் நிறைந்திருக்கும். அச்சகத்தில் பார்ப்பேன், நிறைந்திருக்கும். எங்கேயோ வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்திருக்கும் என்று நினைத்தேன். நிறைந்த வயலுக்கு எதற்குப் போவது? மழைக்காலம் பிறந்தும் மழை இல்லாமல் வானம் வெளுத்துக் கிடந்தது. வீடு திரும்பி, சோறு வைத்து, தட்டைக் கழுவி, கோட்டைப் பார்த்துவிட்டுப் படுப்பேன். எல்லாம் சரியாக இருக்கிற வாழ்க்கையில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள் போலிருக்கிறது. நானே கூப்பிட்டால் அவள் டூட்டியில் இருப்பாள். அப்புறம் ஒரு வரி செய்தி வரும்: வயல் சூப்பரா இருக்கே, பாத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வயல்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னண்ணே, அண்ணி லீவு போட்டுட்டாங்களா? வயலு வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு."

செருப்புப் போடாமல் ஓடினேன். கால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பயிரின் இலைகள் நுனியில் சுருண்டு, பச்சை மங்கிச் சாம்பலாகத் தெரிந்தது. கையிலிருந்த போன் மட்டும் வயல் தளும்புகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. குழாயின் மூடியைக் கழற்றித் திருப்பினேன். சந்தனம் காய்ந்து, ஓடு மாதிரி கண்ணை மூடியிருந்தது. அனுப்பிய சத்தம் வாசலைத் தாண்டாமல் அங்கேயே முட்டித் திரும்பியிருக்கிறது. தண்ணீர் முகத்தருகே நிற்கிறது என்று அதுவும் நம்பி, எங்களையும் நம்பவைத்திருக்கிறது.

எச்சில் தொட்டு, வேட்டி நுனியால் துடைத்தேன். நகத்தால் சுரண்டிவிடலாம், ஆனால் கண்ணாயிற்றே. மெதுவாகத்தான் போனது. மூடியைத் திரும்ப மாட்டிய கொஞ்ச நேரத்தில் நீலக்கோடு மலை உச்சியிலிருந்து விழுந்த மாதிரி அடிமட்டத்துக்குச் சரிந்தது.

போன் அடித்தது.

"ஏங்க, என்னாச்சு? சென்சார் போச்சா?"

அந்தக் கேள்வியில் பயம் மட்டும்தான் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆமாம், போய்விட்டது, இதை நம்பினால் வயல் பிழைக்காது என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவள் சொன்ன கணக்குப்படியே பார்த்தால் பொய்கூட இல்லை. பயிர் காய்ந்து என் கண்ணெதிரில் நின்றது. தீபாவளிக்கு அதிக நாளும் இல்லை. அந்த வாக்கியத்தில் திருத்த ஒரு பிழையும் இல்லை.

"இல்ல, அது நல்லாத்தான் இருக்கு," என்றேன். "நாமதான் அது கண்ணுல பொட்டு வச்சுட்டோம்."

 அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம். பிறகு சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. நானும் வரப்பில் உட்கார்ந்து சிரித்தேன். பயிர் பிழைக்குமா என்று கேட்டாள். குருத்து காயவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றேன். கரண்ட் இருந்ததால் அதற்குள் கொட்டகையில் மோட்டார் தானாக எடுத்துக்கொண்டது.

"சரி," என்றாள், சிரிப்பு அடங்கி. "அடுத்த வருஷம் மூடி மேல வைங்க."

அடுத்த வருஷம். அந்தச் சொல்லிலேயே கையெழுத்து விழுந்துவிட்டது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.  சரி என்றேன் நான்.

தண்ணீர் பாய்கிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றாள். போனை மடைக்குப் பக்கத்தில் பிடித்தேன். தண்ணீர் ஓடிவந்து, முதல் வெடிப்பில் இறங்கி, குமிழி விட்டு அதை நிரப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது. எதுவரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. கை வலித்து மாற்றிப் பிடிக்கும்போது பார்த்தேன், அழைப்பு முடிந்திருந்தது. வார்டில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

வயல் முழுக்கப் பாய மதியம் ஆகும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினேன்.