துரைக்கண்ணு வீட்டில் பாட்டு

கம்பெனி பஸ்ஸில் அத்தனை பேர் நின்றுகொண்டு வந்தும் டிரைவருக்குப் பின்னால் இருந்த இடம் காலியாக இருந்தது. அது துரைக்கண்ணு அண்ணனின் இடம். "நெஞ்சு வலியாம் மேரி. விடியக்காலைல போயிட்டாரு" என்றார் டிரைவர். எப்படி இறங்கினேன், எந்தப் பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரமாகிறது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் அவரோடு முடியாமல் கிடக்கும் சண்டைகளெல்லாம் எழுந்து வருகின்றன.

நம் பேக்கிங் பிரிவில் அவரோடு சண்டை போடாதவர் யார்? ஷிப்டு போக மற்ற நேரமெல்லாம் அவர் மைக் செட்காரர். அம்மன் திருவிழா, மாதா திருவிழா, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான் மரம் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார்; அதை நாம் கேட்காமலே சொல்வார்.

"சாமிக்குக் காது கேக்கும்னா என்னை இன்னாத்துக்குக் கூப்பிட்றாங்க? மைக்கு மனுசனுக்குத்தான்" என்று எங்கள் மாதா கோயில் வாசலிலேயே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நீங்க எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டேன். "நாலு பேரு ஒண்ணா நின்னு பாட்றாங்களே, அத்தப் பார்க்கத்தான்" என்றார். அன்று கோயிலில் நான் பாடி முடித்ததும் தலையை ஆட்டினார். "சுருதி போச்சு, மேரி. சத்தம் மட்டும் நல்லா கீது." என் பாட்டைப் பற்றி அவர் வேறு எதுவும் சொன்னதே இல்லை.

அவர் ஊர் அம்மன் திருவிழாவில் நான்கு குழாய்களை நான்கு பக்கம் பார்த்துக் கட்டுவார். ஒன்று காலனிப் பக்கம். ஒரு வருஷம் ஊர்ப் பெரியவர், "அந்தப் பக்கம் இன்னாத்துக்கு? திருப்பிக் கட்டு" என்றார். அண்ணன் மரம் ஏறி நான்கையும் அவிழ்த்துக் கீழே இறக்கிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஊர்க்காரர்களே வந்து கூப்பிட்டார்கள். நான்கும் பழைய இடத்துக்கே ஏறின.

என் கல்யாணக் கதை உங்களுக்குத் தெரியும். நான் வேதக்காரப் பெண், என் வீட்டுக்காரர் முருக பக்தர். இரண்டு வீட்டாரும் கைவிட்டார்கள். பதிவு செய்துகொண்டு வடக்குப்பட்டில் ஒரு வாடகை அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். மறுநாள் காலையில் வாசலில் பாட்டு அலறியது. எட்டிப் பார்த்தால், புளிய மரத்தின் மேல் அண்ணன்! "கல்யாணம்னா நாலு தெருவுக்குக் கேக்கணும். நீங்க இன்னா, திருடிகினா வந்தீங்க?" வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மத்தியானத்துக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்களைப் பார்க்க வந்துவிட்டார்கள். லவ்வைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது: "பண்றது பெரிசில்ல. பத்து வருசம் கழிச்சி ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேக்குறீங்களா, அத்தச் சொல்லு."

சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிடாமலே போவார். "வாய மூடிகினு அழுதா நெஞ்சு அடைச்சிக்கும். அழுவறதுக்கும் பாட்டு வேணும்" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் அன்று சத்தமே இல்லை. அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அந்த நாட்களில் சாவுக்கு மேளம் அடிக்கக் கூடாது, ஒப்பாரி வைக்கக் கூடாது, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்பது ஊர்க் கட்டு. முந்தின நாள் அவரே கட்டிய குழாய்கள் தெருமுனை வேப்பமரத்தில் ஊமையாகத் தொங்கின. அவர் மனைவி அஞ்சலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகையை அடக்கி அடக்கி அந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறியது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று பாடினேன். எனக்குத் தெரிந்தது மாதா பாட்டுதான்; அதைத்தான் பாடினேன்.

"ஏம்மா, நிறுத்து! காப்புக் கட்டிகீது, தெரியாது?" என்று வந்தார் அதே பெரியவர்.

"மேளந்தானே கூடாது? ஒப்பாரிதானே கூடாது? இது பாட்டு" என்றேன். குரலை இறக்கவில்லை.

அஞ்சலை முந்தானையை எடுத்துவிட்டு, "ஐயோ, என் சாமி" என்று கத்தினார். அதற்குப் பிறகு அங்கிருந்த பெண்கள் ஒருவரையும் யாராலும் அடக்க முடியவில்லை. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் நின்றார்.

பாடி முடித்ததும் பழக்கத்தில் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தேன். சுருதி போனது எனக்கே தெரிந்தது. சொல்ல ஆளில்லை.

அன்று சாயங்காலமே அம்மனுக்குப் பாட்டுப் போட்டார்களாம். காலனிப் பக்கக் குழாயும் பாடியதாம். அடுத்த வருஷம் அதை யார் கட்டுவார்கள் என்று நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணா, உங்கள் அபிப்பிராயங்களில் பாதிக்கு மேல் எனக்கு இன்றும் ஒப்புதல் இல்லை. சாமிக்குக் காது கேட்கும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் யாரும் வாயை மூடிக்கொண்டு அழக் கூடாது என்றீர்களே, அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இனி எந்தச் சாவு வீட்டுக்கும் கூப்பிடாமலே போவேன். சுருதி போனாலும் பாடுவேன்.