வீட்டுக்கே வந்து தரப்படும்

கழுத்தில் டேப் தொங்கினால் நான் பெண். அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால், நான் என்ன என்று ஊருக்குச் சந்தேகம் வந்துவிடும். எண்பதுகளில் திருச்சி பாலக்கரையில் நான் லேடீஸ் டெய்லராக இருந்தபோது என் நிலைமை இதுதான்.

மற்ற டெய்லர்கள் எல்லாரும் ஆண்கள். ஸ்ரீரங்கத்து மாமிகள் அவர்களிடம் போனால், ஒரு பழைய அளவு ரவிக்கையைப் பேப்பரில் சுற்றிக் கடத்தல் தங்கம் மாதிரி நீட்டிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என்னிடம் அந்தக் கூச்சம் கிடையாது. பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி வருவார்கள். திரைக்குப் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். "இங்க நன்னா இறுக்கிப் பிடிச்சே எடுங்கோ, போன தடவை தொளதொளன்னு போயிடுத்து" என்பார்கள். அப்படியே மருமகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இதெல்லாம் ஒரு பெண்பிள்ளையிடம் மட்டும் சொல்கிற விஷயங்கள். எனக்கு அதில் பெருமை தாங்காது. அவர்கள் போனபிறகு கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். கண்ணாடி அவ்வளவு தாராளமாக இருக்காது. மோவாய் என் அப்பாவினுடையது, தோள் யாரோ ஒரு குஸ்திக்காரருடையது.

நான் பிறந்தது ஸ்ரீரங்கம் உத்தர வீதியில், பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணாமல் வாயில் தண்ணீர் படாத ஒரு வீட்டில், இரண்டாவது பிள்ளையாக. பிள்ளை என்பதில்தான் தகராறு. எழுபதுகளில், மீசை முளைக்கிற வயதில், மீசை எனக்கு வேண்டாம் என்று நான் அடம்பிடித்தேன். மீசையில்லாத பிள்ளை தனக்கு வேண்டாம் என்று அப்பா அடம்பிடித்தார். அடம் எங்கள் குடும்பச் சொத்து. நான் பம்பாய்க்கு ரயிலேறினேன். அங்கே தையல் மிஷின் பழகினேன். சில வருஷம் கழித்துப் புடவையோடு திரும்பி வந்தேன்.

ஏன் திரும்பினாய் என்று இப்போதும் கேட்கிறார்கள். பம்பாயில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது சுதந்திரம்தான், ஆனால் போரடிக்கும். எங்கள் ஊரில் சாம்பாரில் பெருங்காயம் குறைந்தால் அது மூன்று வீடு தள்ளி ஒரு பிரச்சினையாகிவிடும். யார் எந்தப் புடவையை எத்தனை தடவை கட்டினாள் என்று தெருவுக்கே தெரியும். அந்தக் கெடுபிடி எனக்குப் பிடிக்கும். நானும் அந்த ஜாதிதான்: பட்டனை ஒரு நூல் தள்ளித் தைத்திருந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வெளியூர்க்காரர் யாராவது, "உங்க ஊர் சுத்தக் கட்டுப்பெட்டிங்க" என்றால் எனக்குக் கோபம் வரும். என் ஊரைத் திட்டுவது என் வேலை. அதை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

திட்டுவதற்கு விஷயமும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்ற, என்னைப் போலவே ஒரு தோழியின் இடுப்புவரை இருந்த கூந்தலை ஒரு போலீஸ்காரர் அறுத்து அனுப்பினார். அவள் செய்த குற்றம், நின்றது. அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். எதைச் சொன்னாலும் கிண்டலாகச் சொல்கிற நான் அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன். வாடகைக்கு வீடு கேட்டால் கதவு சாத்துவார்கள். எனக்கு முன்னறையைக் கடைக்கும் பின்னறையைக் குடியிருக்கவும் கொடுத்தது ஒரு கிறிஸ்தவ டீச்சரம்மா. அதுவும் அவர் சர்ச்சில் நாலு பேரோடு சண்டை போட்டுவிட்டுத்தான்.

திருநங்கை என்ற அழகான சொல்லெல்லாம் பிற்பாடு வந்தது. அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரு நம்பர். ஒன்பது. தெருவில் போனால் பின்னாலிருந்து ஒன்பது என்று ஒரு குரல் வரும். எனக்கு அதுதான் விளங்கவே இல்லை. கொலு ஒன்பது படி, மாமி கட்டுகிற மடிசார் ஒன்பது கஜம், நவராத்திரி ஒன்பது நாள். ஊரில் உள்ள எல்லா ஒன்பதும் மங்களகரம், நான் ஒருத்தி தவிர.

இந்த நவராத்திரியில்தான் எனக்கு ஆசை விழுந்தது. கொலு வைத்த வீட்டிலிருந்து பெண்கள் குங்குமச் சிமிழோடு கிளம்பி வீடு வீடாகப் போய், "எங்காத்துக்கு வெத்தலைபாக்கு வாங்கிக்க வாங்கோ" என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவது பெண்களை மட்டும். போனால் பாடச் சொல்வார்கள்; குங்குமமும் வெற்றிலைபாக்கும் சுண்டலும் தருவார்கள். ஒரு வீட்டில் குங்குமம் வாங்கிக்கொண்டால், அந்த வீடு உன்னைப் பெண் என்று ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். அந்தக் குங்குமம் எனக்கு என் அம்மா கையால் வேண்டும். திரும்பி வந்து நாலைந்து வருஷம் ஆகியும் அந்த வீட்டு வாசற்படியை நான் மிதித்ததில்லை.

அந்த வீட்டிலிருந்து என்னிடம் வந்துபோனவர் மன்னி ஒருவர்தான், என் அண்ணாவின் மனைவி. வருஷா வருஷம் அம்மாவின் ரவிக்கைத் துணியும் அளவு ரவிக்கையும் மன்னியின் பைக்குள் ரகசியமாக வரும். டவுனில் யாரோ ஒரு டெய்லர் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். அந்த வருஷம் துணியை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"மன்னி, இந்தத் தடவை கொலுவுக்கு என்னைக் கூப்பிடுங்கோ. முறையா, சிமிழோட வந்து."

மன்னி வாசலைப் பார்த்தார். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? சுண்டல் வேணா டப்பால போட்டு எடுத்துண்டு வரேன்."

"சுண்டலுக்கா அழறேன்? பாலக்கரைல கடலை கிடைக்காதா?"

"நீ கேக்கறது நியாயம்தான். ஆனா நடக்கற காரியமாச் சொல்லு."

"வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் பெருமாளே மோகினியா வரார். ஊரே முண்டியடிச்சுண்டு சேவிக்கறது. அது நடக்கலயா?"

"பெருமாளும் நீயும் ஒண்ணா?"

"சேச்சே. அவருக்கு அந்த அலங்காரம் எடுப்பா இருக்கும்."

மன்னி சிரித்துவிட்டார். ஆனால் சிரித்தபடியே, முடியாது என்று தலையையும் ஆட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் கடை வாசலில் ஒரு அட்டை மாட்டினேன்: 'நவராத்திரி ரவிக்கைகள் வீட்டுக்கே வந்து தரப்படும். கடையில் தரப்பட மாட்டாது.' டீச்சரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ஏங்க, இது சேவையா, மிரட்டலா?"

"ரெண்டுந்தாங்க டீச்சர்."

"வாடிக்கை போயிடுமேங்க."

"போகட்டுங்க. கைய தூக்கிக்கிட்டு அளவு குடுக்க நான் பொம்பளை, கொலுவுக்கு மட்டும் இல்லையா?"

பாலத்துக்கு அந்தப் பக்கம் கலவரமாகிவிட்டது. புதுப்புடவைக்கு ரவிக்கை என்னிடம். வேறு இடத்தில் தைக்கலாம் என்றால் துணியே என்னிடம். நானேதான் வந்து வாங்கிக்கொள்வேன் என்று ஒரு மாமி மத்தியான வெயிலில் வந்து நின்றார். "உங்களுக்கு ஏன் மாமி சிரமம், கொலுவன்னிக்கு நானே வரேன்" என்று காபி கொடுத்து அனுப்பினேன். மரியாதையாகப் பேசுகிறவர்களை எங்கள் ஊரில் திட்டத் தெரியாது. அந்தப் பலவீனத்தை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

நவராத்திரி முதல் நாள் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு ரவிக்கை மூட்டையோடு பஸ் ஏறினேன். முதல் வீட்டில், "வாசல்லயே குடுத்துடுங்கோ" என்றார்கள். கொடுத்தேன். இரண்டாவது வீட்டில் திண்டில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர், "இதெல்லாம் படியேறக் கூடாது" என்றார். 'இதெல்லாம்' என்பதில் ரவிக்கையும் சேர்த்தியா என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் ரவிக்கையோடு திரும்பிவிட்டேன். அந்த வீட்டு மாமி ஒன்பது நாளும் பழைய ரவிக்கையில் புடவையைப் போர்த்திக்கொண்டே திரிந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். அவர் மறுபடி என் கடைக்கு வரவே இல்லை. எனக்கு அவர்மேல் வருத்தம்தான், ரவிக்கை அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

மூன்றாவது வீட்டில் கூடம் நிறைய மாமிகள். எல்லாருக்கும் அளவு எடுத்தவள் நான், ஆகையால் யாரும் என்னைத் தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை. உட்காரச் சொன்னார்கள். வந்தவர்கள் பாட வேண்டும் என்பது முறை, யாரோ வாய்தவறி, "ஒரு பாட்டுப் பாடுங்கோளேன்" என்றுவிட்டார். சொன்னால் நான் விடுவேனா? ஆரம்பித்தேன். என் குரல் கரூர் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் லாரி பாலத்தில் ஏறுகிற மாதிரி. கொலுவில் செட்டியார் பொம்மை லேசாக ஆடியது. நவராத்திரிக்குத் தாயார் சந்நிதியில் கோயில் யானை மவுத் ஆர்கன் வாசிக்கும், அதற்கு இந்த ஊர் கண்ணீர் விடும். எனக்கு அவ்வளவு இல்லை, ஆனால் முடிக்கும்வரை ஒருவரும் எழுந்துபோகவில்லை.

"உங்களுக்கு மைக்கே வேண்டாம்" என்றார் அந்த வீட்டு மாமி. மந்தாரை இலையில் சுண்டல் கொடுத்தார். வெற்றிலை வரவில்லை, குங்குமம் வரவில்லை. பக்கத்திலிருந்தவருக்குப் போய்விட்டது சிமிழ். நான் எழுந்திருக்கவில்லை.

"மாமி, எனக்குக் குங்குமம் மறந்துட்டேளே."

மாமி என்னைப் பார்த்தார், சிமிழைப் பார்த்தார், தான் போட்டிருந்த ரவிக்கையைப் பார்த்தார். அப்புறம், "ஆமாம், மறந்துதான் போச்சு" என்று கொண்டுவந்து நீட்டினார். மறக்கவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பொய்யாவது சொன்னாரே என்று எனக்கு அவர்மேல் இன்றைக்கும் பிரியம்.

மறுநாள்தான் உத்தர வீதிக்குப் போனேன். அந்தத் திரும்பிவந்த ரவிக்கை போக, மூட்டையில் அம்மாவுடையது ஒன்றுதான் பாக்கி. வாசலில் மன்னி கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செம்மண் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். வாசலை ஒட்டிய ரேழியில் அப்பா நாற்காலியில், அண்ணா அவருக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது.

"என்ன வேணும்?" என்றார் அண்ணா.

"அம்மா ரவிக்கை. குடுக்க வந்தேன்."

"மன்னிகிட்ட குடுத்துட்டுப் போ" என்றார் அண்ணா. அப்பா சுவரில் இருந்த காலண்டரிடம், "படியேறினா நான் ஸ்நானம் பண்ணணும்" என்றார்.

காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது, தாராளமாகப் பண்ணலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஊரெல்லாம் வாய் அடித்தவள் அந்த ஒரு படிக்குக் கீழேயே நின்றேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மன்னிகிட்ட எப்படிக் குடுக்கறது? போட்டுப் பார்க்காம வாங்கிக்க முடியுமா? உள்ள வரச் சொல்லு."

யாரும் வழிவிடவில்லை, நான் படியேறி ரேழியைத் தாண்டினேன். அம்மாவே கூடத்துக்கு வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். நான் போன வருஷத்து அளவில் தைத்துவிட்டேனே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கையை நீட்டி ரவிக்கையை வாங்கினாள். விரித்துத் தையலைப் பார்த்தாள். பிறகு ரேழிப் பக்கம் திரும்பினாள்.

"நான் ரவிக்கை போட்டுப் பார்க்கணும். ஆம்பளைகள்லாம் செத்த வெளில இருங்கோ."

அப்பா எழுந்தார். அண்ணா எழுந்தார். சிறு வயதுப் பழக்கம், அந்த வார்த்தையைக் கேட்டதும் நானும் திரும்பி இரண்டடி நடந்துவிட்டேன்.

"நீ எங்க போற?" என்றாள் அம்மா. "கதவைச் சாத்து."

சாத்தினேன். என் பின்னாலேயே உள்ளே வந்திருந்த மன்னி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. அம்மா ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினாள், இறக்கினாள்.

"கை பிடிக்கறது."

எனக்குத் தெரியும், பிடிக்கவில்லை. இரண்டு விரல் உள்ளே போகிற அளவு தொளதொளத்தது. "தொளதொளன்னுன்னா இருக்கு, அம்மா" என்றேன்.

"பிடிக்கறதுங்கறேன். பிரிச்சுத் தெச்சு நாளைக்குக் கொண்டுவா."

கிளம்பும்போது சிமிழை எடுத்து நீட்டினாள். நான் மோதிர விரலை வைத்தேன். அம்மாவையே பார்த்துக்கொண்டு இட்டதில் குங்குமம் பாதி மூக்கில். "நெத்தி எங்க இருக்குன்னுகூடத் தெரியல" என்று அம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் கொண்டுபோனேன். கழுத்து சரியில்லை என்றாள். அதற்கடுத்த நாள் ஹூக் சரியில்லை. தினமும் ஆண்கள் வெளியே போனார்கள், தினமும் நான் கதவைச் சாத்தினேன். என் கைராசியையே சந்தேகிக்கும்படி அந்த ரவிக்கையில் குறை வந்துகொண்டே இருந்தது. அப்பா என்னோடு பேசவில்லை. ஸ்நானம் மட்டும் தவறாமல் பண்ணினார். சரஸ்வதி பூஜையன்று வெளியிலிருந்து, "அந்த டெய்லர் போயாச்சா?" என்று கேட்டார். அவனா, அவளா, அதுவா என்ற சங்கடம் இல்லாத ஒரு சொல்லை அவரும் தேடிக் கண்டுபிடித்துவிட்டார் போல.

அன்றைக்கு முதுகில் சுருக்கம் விழுகிறதாம் அம்மாவுக்கு.

"இன்னிக்கு மிஷினைத் தொடக் கூடாதே அம்மா. பூஜைல வெச்சிருக்கேன்."

அம்மா ரவிக்கையை மடித்து என் பையில் வைத்தாள். "தொடாதே. நாளைக்கு விஜயதசமி. எதையும் ஆரம்பிக்க நல்ல நாள். மொத்தமாப் பிரிச்சுட்டு முதல்லேர்ந்து தை."