மாவாட்டும் பிளக்

தஞ்சாவூருக்கு முன்னால், நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் இருக்கும் கார் சார்ஜரோடு மல்லுக்கட்டுகிறேன். குவைத்துக்குப் போகும் தம்பியைச் சாயங்கால விமானத்துக்குள் திருச்சியில் கொண்டு விட வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து என் செகண்ட் ஹேண்ட் பேட்டரி காரில் வந்தோம். மிச்சம் ஒன்பது சதவீதம். ஒயர் முனையில் துப்பாக்கி மாதிரி இருக்கும் சார்ஜர் 'கன்'னோ வண்டிக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. திருப்பிப் பார்க்கிறேன், அழுத்திப் பார்க்கிறேன்.

"அழுத்தாதீங்கண்ணே, ஒடஞ்சிரும். உங்க வண்டி பழைய மாடல், சார்ஜ் போடுற வாய் வேற," என்கிறார் ஓட்டல்காரர். "கிரைண்டர் பிளக்ல போட்டுக்கங்க. மாவு ஆட்டி முடியட்டும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"மாவுக்கு அரை மணி. வண்டிக்கு விடிஞ்சிரும்."

எட்டாவதோடு நின்றவன் நான். வாங்கும்போது சக்கரத்தை, சீட்டை எல்லாம் தட்டிப் பார்த்தேன். வாயைப் பார்க்க வேண்டுமென்று யார் சொன்னார்கள்?

திருச்சி பஸ் பிதுங்கி வருகிறது. படியில் ஒருவருக்குத்தான் இடம். தம்பி பெட்டியோடு தொற்றிக்கொள்கிறான். இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் அவனைப் பார்ப்பேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும். பஸ் நகர்ந்துவிட்டது. பின்னாலேயே ஓடிக் கத்துகிறேன்:

"போன்ல சார்ஜ் இருக்காடா?"